மலர்க்கொடிக்குப் பாக்கி இருந்த கணக்குத் தாள்

இணையவழிப் படிப்புகளைக் கவனிக்கும் வேலையை உங்கள் இருவரிடம் ஒப்படைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் துறையில் யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்கிற வேலை இல்லை அது. என்னிடம் வந்ததே ஒரு கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனதால்தான். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் என் பெயரை எழுதி முடித்திருந்தார்கள்.

வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மாணவர்கள் அரசு இணையதளத்தில் ஒரு கணிதப் படிப்பை எடுக்கிறார்கள். பாடத்தைப் பார்க்கக் காசு கிடையாது, கடைசியில் தேர்வு எழுதத்தான் சிறு கட்டணம். வாராவாரம் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. தேறினால் அந்தப் படிப்பின் கிரெடிட்டை நம் கல்லூரி தன்னுடைய ஒரு தாளுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும். பதிவு செய்ய உதவுவது, கெடு நாளை நினைவுபடுத்துவது, வருகிற மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது எல்லாம் நம் பாடு. கணினியைத் திறந்து மூடத் தெரிந்தால் போதும் என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். அதையெல்லாம் நீங்கள் சீக்கிரமே பழகிக்கொள்வீர்கள். நான் எழுத நினைப்பது, பதில் போட்டே ஆக வேண்டிய ஒரு மின்னஞ்சலை வைத்துக்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த சில நாட்களைப் பற்றி.

அது மலர்க்கொடியிடமிருந்து தொடங்குகிறது.

சேர்க்கை நேரம். அலுவலக ஜன்னல் முன்னால் ஒரே கூட்டம். அந்தப் பக்கமாகப் போனவள் எழுத்தரின் குரல் கேட்டு நின்றேன்.

“அந்தத் தாளே இப்ப இல்லம்மா. பழைய சிலபஸ் முடிஞ்சிபோச்சு, அதுக்கு இனிமே எக்ஸாமும் கெடையாது. வேணும்னா மறுபடி ஃபர்ஸ்ட் இயர்ல சேர்ந்துக்கோ.”

“ஃபர்ஸ்ட் இயரா? எம் பொண்ணே ஒண்ணாவது போவுது சார்” என்றாள் ஜன்னலுக்கு வெளியே நின்றவள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதற்காகச் சொன்னவளும் இல்லை. முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. துறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, நம் கல்லூரியிலேயே கணிதம் படித்தவள். மலைமேல் கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். எல்லாத் தாளும் தேறி லீனியர் அல்ஜீப்ரா ஒன்று மட்டும் நின்றுபோனது. மறுமுறை எழுதியும் தேறவில்லை. அதற்குள் கல்யாணம் ஆகி, புருஷனோடு மிளகுத் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் போய்விட்டாள். குழந்தை பள்ளிக்கூட வயதுக்கு வந்ததும் இருவரும் மலைக்கே திரும்பிவிட்டார்கள்.

“எங்க ஊரு ஹாஸ்டல் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் போஸ்ட்டு ரொம்ப நாளா காலி மேடம். ஹெச்.எம். சார் என்ன வந்து எடுக்கச் சொன்னாரு. ஆறாவது ஏழாவதுக்கு நான்தான் எடுத்துக்கினு இருக்கேன். பசங்க நல்லா படிக்குதுங்க. இப்ப டிகிரி இல்லாதவங்கள வெச்சிக்கினு இருக்கக் கூடாதுன்னு மேலேந்து சொல்லிட்டாங்களாம். அடுத்த ஜூனுக்குள்ள சர்டிபிகேட்ட கொண்டா, நீயே இரு, இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு.”

இணையவழிப் படிப்பைப் பற்றிச் சொன்னேன். அதே லீனியர் அல்ஜீப்ரா அங்கே இருந்தது. தேறினாலும் பழைய தாளுக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்வதா இல்லையா என்பதைக் கல்லூரிக் குழுதான் முடிவு செய்யும், என் கையில் இல்லை என்றும் சொன்னேன். இதை மட்டும் எப்போதும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் காதில் விழாது என்று பயந்து நாம் தள்ளிப்போடுகிறோம். அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

“பாஸ் பண்ணிட்டு வந்து கேட்டா கேக்கறதுக்கு ஒரு மொகம் இருக்கும் இல்லீங்களா?” என்றாள்.

பதிவு செய்ய வந்த அன்று புருஷன் குமார் கூட வந்தார். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற தொழில். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, “கணக்குன்னாலே எனக்கு அலர்ஜிங்க மேடம். இங்க செவுத்துலயே கணக்குத் துறைன்னுதான எழுதியிருக்கு” என்றார்.

முதல் சில வாரங்கள் நன்றாகப் போயின. அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வரும். அங்கே வீடியோவைப் போனில் இறக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வேலைகளுக்கு நடுவே பார்ப்பாள். பாடம் நடத்தியவர் ஆங்கிலத்தில் நடத்தினார். கீழே தமிழில் ஓடும் எழுத்துகளை இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது. கணிதத்தில் நாம் புலம் என்று சொல்வதை அது வயல் என்று போட்டுவிட்டது.

“வயலுக்கு மேல ஒரு வெளி இருக்குதுன்னு வந்துக்கினே இருக்குது மேடம். எங்க மலையில வயலே கெடையாது, மானாவாரி கொல்லைதான். ரெண்டு நாளு நான் மேகத்தையெல்லாம் பாத்துக்கினு இருந்தேன்” என்று போனில் சொல்லிச் சிரித்தாள்.

அனுப்பிய அசைன்மென்ட்டுகளில் பாதிக்கு மேல் மதிப்பெண் வந்தது. பிறகு திடீரென்று கூடியது. முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில். எனக்கும் சந்தோஷம்தான். பாடம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. உங்கள் கல்லூரியிலிருந்து படிக்கும் சிலருடைய விடைகள் குறிப்பிட்ட சில வாரங்களில் அப்படியே ஒன்றாக இருக்கின்றன, தவறான விடைகளும் ஒரே தவறாக இருக்கின்றன, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் விளக்கம் அனுப்புங்கள் என்று அந்த இணையவழிப் படிப்பை நடத்தும் பாடக்குழு எழுதியிருந்தது. நம் மூன்றாமாண்டு மாணவர்கள் சிலரோடு மலர்க்கொடியின் பெயரும் இருந்தது.

நம் மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது அதிகம் சுற்றி வளைக்கவில்லை. போனில் ஒரு குழு இருக்கிறது. வாராவாரம் யாரோ அதில் விடைகளைப் போடுகிறார்கள், பார்த்து அமுக்கிவிடுகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்கள். மலர்க்கொடிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பள்ளிக்கூடத்துக்கும் கிடைக்கவில்லை. குமாரின் எண்ணுக்கு, அவளை ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

இதற்கிடையே என்னோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல மனுஷர், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “சேர்ந்து படிச்சாங்க, அதான் ஒரே மாதிரி இருக்குன்னு ஒரு வரி எழுதிடுங்க மேடம். அவங்களும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. உண்மைய எழுதினா அத்தன பசங்க மார்க்கும் போயிடும். நாளைக்கு இதே பசங்களோட கிரெடிட்ட நீங்கதான் காலேஜ் குழுவுல கொண்டுபோய் வைக்கணும்.”

என்ன நடக்கும் என்று அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது. அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தேன். எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மாணவரை நேரில் பார்த்துக் கேட்காமல் அவரைப் பற்றி எந்தப் பதிலையும் அனுப்பக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். மற்றவர்களிடம் கேட்டாயிற்று. இவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் குமார் மட்டும் வந்தார். கிழங்கு இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் செம்மண்.

“அவள வரச் சொல்லியிருந்தீங்களே மேடம். அவளுக்கு ஸ்கூலு. இன்னா விஷயம்னு சொன்னீங்கன்னா நான் போய்ச் சொல்லிடறேன்.”

நான் விஷயத்தைச் சொன்னேன். விடைகள் ஒன்றாக இருப்பது, கேள்வி கேட்டு எழுதியிருப்பது, எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் முகம் மாறியது.

“அவ இல்லீங்க” என்றார். “நான்தான்.”

 அவரே சொன்னார்.

“மழ பேஞ்சி டவரு பூடுச்சிங்க. அவ கணக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டா. கெடு அன்னியோட முடியுது. பேப்பர போட்டோ புடிச்சி எங்கிட்ட குடுத்து, பாஸ்வேர்டும் சொல்லி, நீ கீழ போறப்ப இத பாத்து அனுப்பிடுன்னா. சின்னசேலத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு பாக்கறேன், எனக்கு ஒரு எழவும் புரியல. எந்தக் கேள்விக்கு எது பதிலுன்னே தெரியல. இங்க காலேஜ் பையன் ஒருத்தன் என்ன குரூப்புல சேத்து வுட்டிருந்தான். அதுல வரிசையா ஏ, பி, சின்னு இருந்திச்சி. அத பாத்து அமுக்கிட்டேன்.”

“அடுத்த வாரம்?”

“அடுத்த வாரமும் மழதாங்க.”

“அதுக்கு அடுத்த வாரம்?”

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த வாரம் மழ இல்ல. ஆனா மார்க்கு வந்திச்சி இல்லீங்களா மொதல் வாரம்? ‘நான் போட்டது எல்லாம் சரியா இருக்குது பாரு, சரியா இருக்குது பாரு’ன்னு சொல்லிக்கினு வூடு பூரா நடந்துக்கினு இருந்தா மேடம். கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல நான் அவள அப்டி பாத்ததில்ல. அப்பறம் எப்டிங்க சொல்றது? அடுத்த வாரம் மார்க்கு எறங்கிச்சின்னா கேப்பா. அதனால, நான் கீழ போறேன் குடு, நானே அனுப்பிடறேன்னு வாங்கிக்கினு வந்துட்டேன்.”

வெளியே மணி அடித்து மாணவர்கள் தாழ்வாரத்தில் இரைச்சலாகப் போனார்கள். இரைச்சல் அடங்கியதும் அவர் சொன்னார்: “இன்னா தண்டன வேணா குடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. படிப்பையே வுட்டுடுவா.”

உங்களுக்கும் இப்படி ஒருவர் முன்னால் வந்து உட்காருவார். அப்போது மனசு எவ்வளவு வேகமாகச் சமாதானம் தேடும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவள் ஏமாற்றவில்லை. அவரும் ஏதோ ஆசையில் செய்துவிட்டார். அந்த ஒரு வரியை அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நான் அந்த வரிக்கு மிக அருகில் போய்விட்டேன். என்னைத் தடுத்தது நேர்மை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். தேர்வு ஞாபகம் வந்தது. தான் போட்டதெல்லாம் சரி என்று நம்பிக்கொண்டு அவள் தேர்வு அறைக்குள் போவாள். எங்கே தப்புப் போடுகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அங்கே போனைப் பார்த்து அமுக்குவதற்குக் குமார் இருக்க மாட்டார்.

அதையே அவரிடம் சொன்னேன். “மூணு வாரமா அவ எழுதினது சரியா தப்பான்னு அவளுக்கே தெரியாது குமார். தெரியாமயே பரீட்சைக்கு அனுப்பலாமா?”

அவர் இதை யோசித்திருக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேங்க” என்று எழுந்தார். நாற்காலியில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் இருவரும் வந்தார்கள். துறைக்கு வெளியே இருக்கும் நீள பெஞ்சில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். மலர்க்கொடியின் கண் வீங்கியிருந்தது. உள்ளே வந்ததும் உட்காரவில்லை.

“மேடம், நான் போட்ட கணக்க போர்டுல போட்டுக் காட்டட்டுங்களா?”

வேண்டாம், நம்புகிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு என் நம்பிக்கை தேவைப்படவில்லை, சரியா தப்பா என்று தெரிய வேண்டியிருந்தது. அந்த வாரங்களின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சிலது சரியாக வந்தது. ஒன்றில் பாதியில் நின்றுவிட்டாள். இன்னொன்றில் கடைசி வரியில் குறியை மாற்றிப் போட்டு, திரும்பிப் பார்த்து, அழித்துச் சரியாக எழுதினாள். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு, “பாதிதான் மேடம் வருது” என்றாள். வருத்தமாகச் சொன்ன மாதிரியே இல்லை. கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டவள் குரல் அது.

“பதில் என்னன்னு எழுதட்டும்?” என்று அவளிடமே கேட்டேன்.

“நடந்தத எழுதுங்க. அந்த மார்க்கு எனக்கு வேணாம்.” வாசலில் நின்ற குமாரை அன்றைக்கு அப்போதுதான் முதல்முறை நிமிர்ந்து பார்த்தாள். “ஆனா அவுரு பேர எழுதாதீங்க மேடம். என் பாஸ்வேர்டு. நான்தான குடுத்தேன்? அது என் தப்பு.”

குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுதிவிட்டேன். நம் மாணவர்கள் விடைகளைப் பார்த்துப் போட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதினேன். மலர்க்கொடியைப் பற்றி, தன் இணையக் கணக்கை வேறொருவர் திறக்க அனுமதித்தார், அந்த வாரங்களின் விடைகள் அவருடையவை அல்ல, அந்த மதிப்பெண்களை அவர் கோரவில்லை என்று எழுதினேன். அதன் நகலை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்னால், நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போனேன். அவர் பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. உங்களுக்கு அவரைத் தெரியாது, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையெழுத்து வாங்கப் போனால் அவர் படித்து முடிக்கும்வரை நமக்கு வியர்க்கும்.

முழுவதும் படித்துவிட்டுக் கேட்டார்: “இத ஏன் எங்கிட்ட கொண்டுவரீங்க? நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?”

“அதனாலதான் சார் கொண்டுவந்தேன்.”

“குழுவுக்கு வரும்போது இதையும் சேர்த்துதான் வைப்பேன். பரவாயில்லையா?”

“வைங்க சார்.”

“பரீட்சை எழுதட்டும். பார்க்கலாம்” என்றார். அவ்வளவுதான். அந்தப் ‘பார்க்கலாம்’ எந்தப் பக்கம் என்று எனக்கு மாதக்கணக்கில் தெரியவில்லை.

பாடக்குழு அந்த வாரங்களுக்கு எல்லோருக்கும் பூஜ்யம் போட்டது, தேர்வு எழுத அனுமதித்தது. நம் மாணவர்கள் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார்கள். மலர்க்கொடி வாரம் ஒரு நாள் கிழங்கு லோடோடு குமார் வண்டியிலேயே கள்ளக்குறிச்சிக்கு வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் அதற்கு அனுமதி வாங்கிக்கொண்டாள். குமார் அவளை இறக்கிவிட்டுச் சின்னசேலம் போவார், அவள் நம் துறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து தானே போட்டு, தானே அனுப்புவாள். கெடு நாள்வரை காத்திருப்பதே இல்லை. வந்த மதிப்பெண் ஏறியது, இறங்கியது. இறங்கிய அன்று எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடிக்காமல் வண்டி ஏற மாட்டாள். கீழே குமார் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஏதோ சொன்னாள், அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தேர்வு சேலம் பக்கம் ஒரு கல்லூரியில். நம் மாணவர்களோடு அவளையும் பஸ்ஸில் அழைத்துப் போனேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். நம் மாணவர்களில் ஒருவன், அந்தப் போன் குழுவில் விடை பார்த்து எழுதியவன்தான், தயங்கித் தயங்கி ஒரு கணக்கைக் கேட்டான். ஆத்தூர் வரும்வரை அவனுக்கு அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும், எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “தெரிஞ்சத போட்டேன் மேடம். தெரியாதத தொடல.”

தேறிவிட்டாள். பூஜ்யம் விழுந்த வாரங்கள் இழுத்ததால் மதிப்பெண் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் தேறியிருந்தாள். நம் மாணவர்களில் சிலர் தேறினார்கள், சிலர் இல்லை.

கல்லூரிக் குழு கூடியபோது எல்லாத் துறையிலிருந்தும் இணையவழிப் படிப்பு முடித்தவர்களின் மதிப்பெண்கள் வந்திருந்தன. மளமளவென்று ஒப்புதல் ஆகிக்கொண்டே வந்தது. மலர்க்கொடியின் பெயர் வந்ததும் ஓர் உறுப்பினர் நிறுத்தினார்.

“இந்தம்மா காப்பி அடிச்சதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அதுக்கு எப்படி நாம கிரெடிட் குடுக்கறது? அதுவும் பழைய சிலபஸ் தாளுக்கு?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கட்டுப்பாட்டு அலுவலர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போயிற்று என்று நினைத்தேன்.

“இவ்வளவு நேரம் எத்தனை பேருக்கு ஒப்புதல் குடுத்தோம்?” என்று அந்த உறுப்பினரைக் கேட்டார். “அதுல எத்தனை மார்க் அவங்கவங்க போட்டதுன்னு உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியாது. இந்த ஒண்ணுக்கு மட்டும் முடியும். அவங்களது இல்லாததெல்லாம் கழிச்சாச்சு. மிச்சம் இருக்கிறதுல பாஸ் பண்ணியிருக்காங்க. இன்னிக்கு இந்த மேஜையில இருக்கிற மார்க்கிலேயே நான் முழுசா நம்பறது இதத்தான்.”

 பாடத்திட்டம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டார்கள், நான் விளக்கினேன். ஒப்புதல் ஆனது. வெளியே வந்ததும் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். “எனக்கெதுக்கு? எழுதினது அந்தம்மா” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மலர்க்கொடிக்குப் போன் போட்டால் வழக்கம்போல எல்லைக்கு வெளியே. குமார் எண்ணும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அத்தனை வருஷம் கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்தும் மாணவர் ஒருவரைத் தேடி நான் மலை ஏறியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வாரமும் கிழங்கு மூட்டைகளோடு இந்த வளைவுகளில்தானே இறங்கி வந்தாள் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் பதறி வந்தாள். மெதுவாகச் சொன்னேன். “குடுத்துட்டாங்கம்மா. பாக்கி ஒண்ணும் இல்ல. டிகிரி முடிஞ்சுது.”

அப்படியே நின்றாள். “ஒரு நிமிஷம் மேடம்” என்று உள்ளே போனாள். கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கு பாதியில் நின்றது. அதை முடித்தாள். அடுத்ததைப் பிள்ளைகளைப் போடச் சொன்னாள். பிறகு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்” என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன். அழுதாள். உள்ளே பிள்ளைகள் கணக்குப் போடாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

தலைமையாசிரியர் அடுத்த ஜூனில் அவளையே வைத்துக்கொண்டார். பி.எட். சேரப் பணமும் நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சேர்ந்துவிடுவாள்.

அன்று நான் இறங்கி வந்தது குமாரின் வண்டியில். பின்னால் கிழங்கு, முன்னால் நாங்கள் இருவர். செய்தியை அவருக்கும் சொல்லியாயிற்று. ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். மலை முடிந்து சமதளம் வந்த பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“மேடம், நான் ப்ளஸ் டூ பாஸுங்க. அப்பறம் எங்கியும் சேரல. இதுல கணக்கு இல்லாம எதுனா இருக்குதுங்களா?”

நிறைய இருக்கிறது என்றேன். அஞ்சல் வழியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டால், வண்டி ஓட்டிக்கொண்டே சில தாள்களை இப்படிப் படித்துக் கிரெடிட் வாங்கலாம் என்று விளக்கினேன்.  கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிடும்போது, “கெழங்கு சீசன் முடியட்டுங்க. வரேன்” என்றார்.

நான் மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். சீசன் முடியப்போகிறது. அவர் வந்தால் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, வாசலுக்கு வெளியே தயங்கி நிற்பார். நீங்கள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூப்பிடக்கூட மாட்டார். தலையை நிமிர்த்திப் பாருங்கள். உள்ளே வரச் சொல்லி உட்கார வையுங்கள்.